உயிருக்கு ஒரு சீட்டு, மெய்க்கு ஒரு சீட்டு: தமிழ்ச் சொல்லாட்டக் கட்டு ஒன்றைச் செய்து முடித்த அனுபவம்

எழுத்துச் சீட்டுகளை வைத்துச் சொல் கட்டி ஆடும் ஆட்டம் ஒன்றைத் தமிழிலேயே ஆடத்தக்க வகையில் செய்து முடித்திருக்கிறேன். கட்டில் மொத்தம் 108 சீட்டுகள். இரண்டு பேர் முதல் ஐந்து பேர் வரை ஆடலாம். வீட்டில் ஏழாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகளும் எழுபதைக் கடந்த அத்தையும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒருவருக்காக மற்றவர் விட்டுக்கொடுக்க வேண்டிய தேவை இல்லாமல் ஆடுகிறார்கள். ஆங்கில எழுத்துச் சீட்டாட்டங்களை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முயன்றவர்கள் பெரும்பாலும் பாதியிலேயே நின்றுவிடுவதற்குக் காரணம், எழுத்து ஒன்றுக்குச் சீட்டு ஒன்று என்ற அடிப்படை நம் எழுத்துமுறைக்குப் பொருந்தாததுதான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். அந்த அடிப்படையை மாற்றிய பிறகே இந்தக் கட்டு வேலை செய்யத் தொடங்கியது. இதைச் செய்ய விரும்பும் வேறொருவருக்கு உதவும் என்பதால், ஒவ்வொரு படியையும் வரிசையாக எழுதுகிறேன்.

ஆட்டத்தின் சட்டகத்துக்கு நான் எடுத்துக்கொண்ட முன்மாதிரி, 1930களில் இங்கிலாந்தின் வாடிங்டன்ஸ் நிறுவனம் வெளியிட்ட லெக்சிகன் என்னும் சீட்டாட்டம். டேவிட் வைட்லா உருவாக்கிய அந்த ஆட்டத்தில் 52 சீட்டுகள் உண்டு. பலகை எதுவும் தேவையில்லை. கையில் இருப்பதைச் சொற்களாக்கி மேசையில் வைத்து யார் முதலில் கையைக் காலி செய்கிறாரோ அவர் வெல்கிறார். மற்றவர்களின் கையில் மிஞ்சியவை தண்டப் புள்ளிகளாகின்றன. ரம்மி ஆடத் தெரிந்த எந்தக் குடும்பமும் இதைச் சில நிமிடங்களில் பிடித்துக்கொள்ளும்.

முதல் கட்டைச் சார்ட் பேப்பரில் செய்தேன். 6 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரம் என்று வெட்டி, ஸ்கெட்ச் பேனாவால் எழுத்துகளை எழுதினேன். 247 எழுத்துகளுக்கும் சீட்டு வைப்பது நடக்காது என்பது வெளிப்படை என்பதால், சொற்களில் அடிக்கடி வரும் உயிர்மெய்களை மட்டும் தேர்ந்தெடுத்தேன். ஆடத் தொடங்கிய உடனேயே சிக்கல் தெரிந்தது. ணு, ழை, றா, ளி, டூ என்று கையில் சேர்ந்தால், அவற்றில் எதைக் கொண்டும் ஒரு சொல்லைத் தொடங்க முடியாது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டு வரிசைகளும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருவதில்லை; ங வரிசையும் நடைமுறையில் அப்படித்தான். ஆக, பதினெட்டு மெய்களில் பாதி, சொல்லைத் தொடங்கும் வேறோர் எழுத்துக்காகக் காத்திருக்க வேண்டியவை. அதோடு, ‘ழை’ என்று எழுதிய சீட்டு எப்போதும் ‘ழை’யாக மட்டுமே இருக்கும் என்பதால், மழை, தழை, பிழை என்று சில சொற்களைத் தவிர வேறெங்கும் அது பயன்படாது. ஆட்டம் முழுவதும் சீட்டு எடுப்பதும் கழிப்பதுமாகவே போயிற்று. சார்ட் பேப்பரில் இன்னொரு குறையும் இருந்தது: ஸ்கெட்ச் மை பின்பக்கம் கசிந்து, எதிரே இருப்பவருக்கு எழுத்து மங்கலாகத் தெரிந்தது.

அடுத்து, அகர வரிசை எழுத்துகளை மட்டும் சீட்டுகளாக வைத்துக்கொண்டு, கால், கொம்பு, கொக்கி போன்ற குறிகளை ஓஎச்பி ஷீட் எனப்படும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் அச்சிட்டு, எழுத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். கா, கெ, கே, கை ஆகியவை நன்றாகவே அமைந்தன. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவையும் மற்ற எழுத்துகளைப் போலவே எழுதப்படுவதால் அங்கும் தடையில்லை. ஆனால் அந்தச் சீர்திருத்தம் தொடாமல் விட்ட உகர, ஊகார வரிசைகளில் இந்த வழி முற்றிலும் உடைந்துவிட்டது. கு, சு, து, மு, ரு என்று எழுதிப் பார்த்தாலே ஒவ்வொன்றிலும் உகரம் வேறொரு வடிவம் கொள்வது தெரியும். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குறி கிடையாது. தமிழ்ச் சொற்களில் உகரம் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதை நினைத்தால், இது ஒதுக்கிவைக்கக்கூடிய குறையல்ல. ஷீட்டுத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கலைத்துப் போடவும் வரவில்லை.

மூன்றாவதாக, உயிரையும் மெய்யையும் முழுவதுமாகப் பிரித்து, ம், அ, ர், அ, ம் என்று ஐந்து சீட்டுகளில் மரத்தை எழுதும் முறையைச் சோதித்தேன். இலக்கணப்படி இதுதான் சரியான பகுப்பு என்றாலும், கட்டில் கால்வாசி அகரமாகவே நிரம்பியது. பத்துச் சீட்டுகள் கொண்ட கையில் இரண்டு சிறு சொற்களுக்கு மேல் வரவில்லை. வைத்த சொல்லைப் படிப்பதற்கே மற்றவர்கள் நேரம் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த மூன்றிலிருந்தும் திரண்டதே இப்போதைய வடிவம். மெய்ச் சீட்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனைகள். வழக்கமான சீட்டில் ராஜாவின் படம் இரு பக்கமும் இருப்பதுபோல, ஒரு முனையில் ‘க’வும், சீட்டைத் திருப்பிப் பிடித்தால் மறுமுனையில் ‘க்’கும் நேராகத் தெரியும். எனவே அகரத்துக்கும் புள்ளிக்கும் தனிச் சீட்டு வேண்டியதில்லை; சீட்டைத் திருப்பினால் போதும். உயிர்ச் சீட்டிலும் இரண்டு முனைகள்: ஒன்றில் ‘ஆ’, மற்றதில் அதன் குறியான கால். சொல்லின் முதலில் உயிர் வந்தால் எழுத்து முனையை மேலே வைத்துத் தனியாக வைக்க வேண்டும். உயிர்மெய் வேண்டுமானால், குறி முனையை மேலே வைத்து, மெய்ச் சீட்டுக்கு அடியில் செருகி, தலைப்பகுதி மட்டும் 28 மி.மீ. அளவுக்கு வெளியே தெரியும்படி விட வேண்டும். ‘க’வுக்கு மேலே உகரக் குறி தெரிந்தால் அதைக் கு என்று படிக்கிறோம். குறியும் எழுத்தும் ஒன்றோடொன்று ஒட்டிப் பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால், உகரத்தின் பல வடிவச் சிக்கலும் மறைந்துவிட்டது. மரம் மூன்று சீட்டுகளில் முடிகிறது. குடைக்கு நான்கு போதும்.

எந்த எழுத்துக்கு எத்தனை சீட்டு என்பதைத் தீர்மானிப்பதில்தான் அதிக உழைப்பு சென்றது. எழுத்து வில்லைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் கட்டும் ஸ்க்ராபிள் ஆட்டத்தை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாள் பக்கங்களில் எழுத்துகளை எண்ணியே தம் கணக்கைப் போட்டார். பன்மை விகுதியாக எங்கும் ஒட்டிக்கொள்ளும் எஸ் எழுத்தை மட்டும் வேண்டுமென்றே குறைத்து, நூறு வில்லைகளில் நான்கோடு நிறுத்தினார். நானும் எண்ணத்தான் செய்தேன். ஆனால் செய்தித்தாளின் தொடர் வாக்கியங்களை எடுத்துக்கொண்டால், வினைமுற்றுகளால் ‘ற’வும் ‘ன’வும், வேற்றுமை உருபுகளால் ஐகாரமும் மிகையாக வந்துவிடும். ஆட்டத்தில் உருபேற்ற சொற்களுக்கு இடமில்லை என்பதால், அகராதியின் தலைச்சொற்களை எண்ணுவதே சரி என்று முடிவு செய்தேன்.

மெய்க்கும் உயிருக்குமான விகிதத்தைப் புரிந்துகொள்ள ஒரு பழமொழியே போதும். ‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்பதில் 17 எழுத்துகள் உள்ளன. இதை இந்தச் சீட்டுகளால் எழுதினால் மெய்ச் சீட்டுகள் 15, உயிர்ச் சீட்டுகள் 9 தேவைப்படும். மெய்யில் ‘த’ மட்டும் ஐந்து, ‘க’ மூன்று. உயிரில் இகரம் மூன்று, உகரம் மூன்று, அகரம் இரண்டு, எகரம் ஒன்று. ஏறத்தாழ ஐந்துக்கு மூன்று என்ற இந்த விகிதம், நீண்ட பட்டியல்களை எண்ணியபோதும் பெரிதாக மாறவில்லை.

இறுதியில் மெய்ச் சீட்டுகள் 66, உயிர்ச் சீட்டுகள் 38, ஜோக்கர் 4 என்று வைத்தேன். மெய்யில் க, த ஆகியவை தலா 8, ம 6, ட, ப, ர ஆகியவை தலா 5, ல, ன, வ, ச ஆகியவை தலா 4, ந, ற, ய, ள, ண ஆகியவை தலா 2, ழ, ங, ஞ ஆகியவை தலா 1. உயிரில் உ 10, இ 8, ஆ 6, ஐயும் அகரமும் தலா 3, எ, ஏ தலா 2, ஈ, ஊ, ஒ, ஓ தலா 1. அகரச் சீட்டுக்குக் குறி கிடையாது என்பதால் அதன் மறுமுனை வெறுமையாக இருந்தது. அங்கே ஔகாரக் குறியை அச்சிட்டேன். இதனால் ஔவுக்கென்று தனிச் சீட்டு இல்லாமலே மௌனம், கௌதாரி ஆகியவற்றை வைக்க முடிகிறது. ஆய்தத்தையும் கிரந்த எழுத்துகளையும் சேர்க்கவில்லை.

சீட்டின் மூலையில் புள்ளி மதிப்பும் உண்டு. கட்டில் ஐந்தோ அதற்கு மேலோ உள்ள எழுத்துக்கு 2, இரண்டு முதல் நான்கு வரை உள்ளவற்றுக்கு 4, ஒன்றே ஒன்று உள்ளவற்றுக்கு 8, ஜோக்கருக்கு 15. நுணுக்கமான மதிப்புகளை முதலில் போட்டுப் பார்த்தேன். ஆட்டம் முடிந்து கூட்டும்போது வேகம் குறைந்ததால், எல்லாவற்றையும் இந்த நான்கு எண்களுக்குள் அடக்கிவிட்டேன்.

அச்சுக்குப் போகும் முன், ஸ்டிக்கர் தாளில் அச்சிட்டு, பழைய ரம்மிக் கட்டுகள் இரண்டின் மேல் ஒட்டி ஆடிப் பார்த்தேன். இந்தப் படியை யாரும் தவிர்க்க வேண்டாம் என்பேன். எண்ணிக்கையை மாற்ற வேண்டியிருந்தால் இங்கே ஒரு ஸ்டிக்கரோடு முடிந்துவிடும். ஒட்டிய கட்டு தடித்துப்போய், ஓரங்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டதால் கலைப்பது கடினமாக இருந்ததே தவிர, ஆட்டம் சரியாக ஓடுகிறதா என்பதைத் தெரிந்துகொள்ள அது போதுமானதாக இருந்தது.

வடிவமைப்பை லிப்ரே ஆபிஸ் டிரா என்னும் வரைகலை மென்பொருளில் செய்தேன். குறியைத் தனியாகத் தட்டினால் யூனிகோட் எழுத்துரு அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளிவட்டத்தைத் தானாகவே போட்டுவிடும். அதை நீக்குவதற்கு வழி தேடிக்கொண்டிருந்தபோதுதான், அந்த வட்டம் இருப்பதே நல்லது என்று புரிந்தது. கொம்பு எழுத்துக்கு இடப்பக்கம் வரும், கால் வலப்பக்கம் வரும் என்பதை வட்டம் காட்டிக்கொடுப்பதால், குழந்தைகள் தயங்காமல் படிக்கிறார்கள். காலை ‘ர’ என்று படித்துவிடும் குழப்பமும் நேர்வதில்லை. மெய்ச் சீட்டுகளுக்குக் கருப்பு, உயிர்ச் சீட்டுகளுக்குச் சிவப்பு. நடு எழுத்தின் உயரம் 20 மி.மீ.; விசிறியாகப் பிடிக்கும்போது தெரிவதற்காக இடது மேல் மூலையில் 7 மி.மீ. உயரத்தில் அதே எழுத்து சிறிதாக. இரண்டு முனைகளையும் பிரிக்கச் சீட்டின் நடுவே ஒரு மெல்லிய கோடு அவசியம். அது இல்லாத மாதிரியில் எந்த முனை மேலே இருக்கிறது என்பது பார்த்ததும் பிடிபடவில்லை.

சீட்டின் அளவு 63 மி.மீ., 88 மி.மீ.; ஏற்கெனவே விற்கப்படும் பிளாஸ்டிக் உறைகளும் பெட்டிகளும் இதற்குப் பொருந்தும். டிஜிட்டல் அச்சகத்தில் 12 அங்குலம், 18 அங்குலத் தாளில், 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டில் அச்சிட்டேன். தாளுக்கு 18 சீட்டுகள் வீதம் 6 தாள்கள். இருபக்க அச்சு தாளுக்கு 45 ரூபாய், இரு பக்கமும் மேட் லேமினேஷன் தாளுக்கு 20 ரூபாய். ஆக 390 ரூபாய். மூலையை வட்டமாக வெட்டும் பஞ்ச் 350 ரூபாய். எஃகு அடிக்கோலும் கட்டரும் வீட்டிலேயே இருந்தன. பின்பக்கத்துக்கு ஓரக்கோடு போட்ட அழகான வடிவம் எதையும் வைக்காமல், ஒரே நிறத்தை நிரப்பச் சொன்னது நல்லதாகப் போயிற்று. இருபக்க அச்சில் முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகுவது இயல்பு. ஓரக்கோடு இருந்திருந்தால் ஒவ்வொரு சீட்டும் கோணலாகத் தெரிந்திருக்கும். வெட்டும்போது கட்டரை ஒரே இழுப்பில் அழுத்தாமல், இலேசாக மூன்று முறை இழுத்தால் லேமினேஷன் உரியாது. கட்டரின் அலகைத் தாளுக்கு ஒரு முறை முறித்துப் புது முனையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி ஆடும் முறை. கட்டைக் கலைத்து, ஆளுக்குப் பத்துச் சீட்டுகள் பகிர்ந்து, மீதியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். தம் முறை வரும்போது ஒருவர் நான்கில் ஒன்றைச் செய்யலாம்: புதிய சொல் ஒன்றை மேசையில் வைக்கலாம், ஏற்கெனவே உள்ள சொல்லில் சீட்டுகளைச் சேர்த்து வேறு சொல்லாக்கலாம், மேசையில் உள்ள சொல்லின் ஒரு சீட்டைத் தம் கைச் சீட்டோடு மாற்றிக்கொள்ளலாம், எதுவும் முடியாதபோது கட்டிலிருந்து ஒன்றை எடுத்து, வேண்டாத ஒன்றை இறக்கலாம். சேர்த்தாலும் மாற்றினாலும், மேசையில் எஞ்சுவது முழுமையான சொல்லாக இருக்க வேண்டும். ஜோக்கர் எந்த உயிருக்கும் எந்த மெய்க்கும் நிற்கும். அது எந்த எழுத்துக்காக நிற்கிறதோ அந்தச் சீட்டை வைத்திருப்பவர், தம் முறையில் அதைக் கொடுத்து ஜோக்கரை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் கை காலியானதும் மற்றவர்கள் தம் கையில் உள்ள மதிப்பைக் கூட்டிக்கொள்கிறார்கள். 100 புள்ளிகளைத் தொட்டவர் வெளியேறுகிறார்.

முனை திருப்பும் முறையின் உண்மையான பயன் சேர்க்கும்போதுதான் தெரிகிறது. மேசையில் ‘படம்’ இருந்தால், ஒரே ஒரு ‘ட’வை ‘ட்’ முனையாக இடையில் நுழைத்துப் பட்டமாக்கலாம். ‘வட்டம்’ இருந்தால் வகரத்தின் அடியில் ஆகாரத்தைச் செருக, அது வாட்டம். ‘பலம்’ பாலமாகும், ‘பணி’ பாணியாகும். ‘கல்’லோடு வகரமும் இகரமும் சேர்ந்தால் கல்வி. மாற்றிக்கொள்ளும் விதியிலோ ல, ள, ழ மூன்றும் தனிச் சுவை தருகின்றன: வலி வளியாகி, வளி வழியாகிறது, கலை களையாகி, களை கழையாகிறது. மணத்தை மனமாக்க ‘ன’வைக் கொடுத்து ‘ண’வை எடுத்துக்கொள்வதும், குடத்தைக் கூடமாக்க ஊகாரத்தைக் கொடுத்து உகரத்தை வாங்கிக்கொள்வதும் எங்கள் வீட்டில் அன்றாடம் நடப்பவை. கையில் முடங்கிக் கிடக்கும் அரிய சீட்டைத் தள்ளிவிட்டு, எளிதில் செலவாகும் சீட்டை வாங்குவதே இதில் உள்ள சூழ்ச்சி. எழுத்துக் கூட்டலில் ல, ள, ழ தடுமாற்றம் உள்ள பிள்ளைகளுக்கு இதைவிடப் பயனுள்ள பயிற்சியை நான் கண்டதில்லை.

விதிகளில் கண்டிப்பு வேண்டிய இடம் விகுதிகள். வேற்றுமை உருபு, ‘கள்’ விகுதி, ‘உம்’ ஆகியவை செல்லாது. வினைச்சொற்களில் நட, ஓடு, படி போன்ற ஏவல் வடிவம் மட்டும் செல்லும். ‘கடல்’ மேசையில் இருந்தபோது அக்கா மகள் கடைசிச் சீட்டைத் திருப்பி, ‘ல்’லை ‘ல’வாக்கி, ஐகாரத்தைச் செருகினாள். அத்தை அதை இரண்டாம் வேற்றுமை என்று மறுத்தார். கடலை என்பது தின்னும் கடலையாகவும் பொருள் தருவதால் அது செல்லும் என்று முடிவாயிற்று. இதே முறையில் மலரை மலர்+ஐ என்று வைத்தால் செல்லாது. அகராதியில் தலைச்சொல்லாக இருந்தால் சரி என்ற ஒரே அளவுகோல் இத்தகைய வழக்குகளை உடனே தீர்த்துவிடுகிறது. ரயில், லட்டு, டப்பா போன்றவையும் இந்த அளவுகோலின்படியே உள்ளே வருகின்றன. பூ, தீ, கை போன்ற ஓரெழுத்துச் சொற்களை முதலில் தாராளமாக அனுமதித்தபோது ஆட்டம் சப்பென்று முடிந்தது. அதனால், கையில் கடைசி இரண்டு சீட்டுகள் மட்டும் மிஞ்சியவரே அவற்றை வைக்கலாம் என்று வரையறுத்தோம். இந்த விதி ஆட்டத்தின் முடிவுக்கு நல்ல பரபரப்பைக் கொடுத்திருக்கிறது.

அடுத்த அச்சில் மாற்ற வேண்டியவை தெளிவாகவே தெரிகின்றன. முதலாவது, அளவு. ஓர் உயிர்மெய்க்கு 116 மி.மீ. உயரம் தேவைப்படுவதால், நான்கைந்து சொற்களிலேயே சாப்பாட்டு மேசை நிரம்பிவிடுகிறது; தரையில் பாய் விரித்து ஆடினால்தான் போதுமான இடம் கிடைக்கிறது. 44 மி.மீ., 68 மி.மீ. என்ற சிறிய அளவுக்கு மாறினால் அதே தாளில் 36 சீட்டுகள் அடங்கும். 108 சீட்டுகளும் மூன்றே தாளில் முடிந்து, அச்சுச் செலவு 195 ரூபாயாகக் குறையும். நடு எழுத்தை 14 மி.மீ. உயரத்துக்குக் கீழே குறைக்கக் கூடாது என்பது மட்டும் அத்தையின் நிபந்தனை.

இரண்டாவது, ‘ண’வை மூன்றாக்குவது. வண்டி, பண்டம், தண்டு, கிண்ணம், எண்ணெய் என்று தேவை அதிகம், இரண்டு போதவில்லை.

மூன்றாவதுதான் நான் மிகவும் எதிர்பார்க்கும் மாற்றம். ‘ங’வும் ‘ஞ’வும் இப்போது பெரும்பாலும் கையில் தங்கி 8 புள்ளித் தண்டமாகவே முடிகின்றன. ஏனெனில் ‘ங்’ வர வேண்டுமானால் பக்கத்தில் ‘க’ வர வேண்டும்; ‘ஞ்’சுக்குப் பெரும்பாலும் ‘ச’ வேண்டும். மெல்லினமும் அதன் இனமான வல்லினமும் சேர்ந்தே வரும் இந்த இயல்பை எதிர்த்துப் போராடாமல், அதையே சீட்டாக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். ஒரு முனையில் ‘ங்க’, மறுமுனையில் ‘ஞ்ச’ என்று ஓர் இணைச் சீட்டு. ‘ச’வோடு இந்தச் சீட்டையும் உகரத்தையும் வைத்தால் சங்கு, திருப்பிப் பிடித்து, ‘ப’வோடும் உகரத்தோடும் வைத்தால் பஞ்சு, இகரச் சீட்டு இரண்டு இருந்தால் இஞ்சி. ஸ்டிக்கர் தாளில் இத்தகைய இணைச் சீட்டுகள் நான்கைச் செய்து, இப்போதைய கட்டில் ‘ங’, ‘ஞ’ இருந்த இடத்தில் இரண்டையும், ‘த’விலும் ‘க’விலும் ஒவ்வொன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மற்ற இரண்டையும் சேர்த்திருக்கிறேன். எண்ணிக்கை 108 என்பது மாறவில்லை. ‘ண்ட’, ‘ந்த’ ஆகியவற்றுக்கும் இதே முறையில் ஒரு சீட்டு வேண்டுமா என்பதை, இந்த நான்கும் கையில் எவ்வளவு விரைவாகச் செலவாகின்றன என்று பார்த்த பிறகு முடிவு செய்து, அதற்கேற்ப அச்சுக்குக் கொடுப்பேன்.